ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்

மழை பிடிக்கும் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு, கையில் சூடாக ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு, வெளியே பார்த்து ‘ஆகா’ என்கிற கூட்டம் அது. கழுத்துப் பட்டை வழியாக இறங்கிய தண்ணீர் முதுகில் எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துகொண்டே, முன்னால் போகிற லாரி வாரியடிக்கிற சேற்றை முகத்தில் வாங்கியவர் யாரும் மழையைப் பற்றி அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. தேய்த்து முடித்த லென்ஸ்களை ஜோடி ஜோடியாகக் காகித உறையில் போட்டு, மேலே பவரை எழுதி, பெட்டியில் அடுக்கித் தருவார்கள். அவள் அந்தப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊரில் இருக்கிற இருபது சொச்சம் கண்ணாடிக் கடைகளுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. பட்டறையில் அவளுக்கு ஆமை என்று பெயர். வெயில் நாளில் எல்லாரையும் போலத்தான் ஓட்டுவாள். மழை பிடித்துவிட்டால் முள் முப்பதைத் தாண்டாது.

கடைக்காரர்கள் கரித்துக்கொட்டுவார்கள். “கஸ்டமர் வந்து ஒரு மணி நேரமா உக்காந்திருக்கார்மா. நீ நடந்து வந்திருந்தாக்கூட இதுக்குள்ள வந்திருப்ப” என்பார் ஒருவர்.

“அடுத்த தடவை நடந்தே வரேன் சார். லென்ஸ் மறுநாள் வந்து சேரும்” என்று உறையை மேஜையில் வைத்துவிட்டுக் கையெழுத்துக்கு நோட்டை நீட்டுவாள்.

ஆமை என்றால் ஆமை. ஆனால் எட்டு வருடமாக அந்த ஆமை ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அவளைக் கேலி செய்த வாய்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு கட்டோடு எப்போதாவது பட்டறைக்கு வந்து நின்றிருக்கின்றன. அதைச் சொல்லிக் காட்டவும் அவள் மறந்ததில்லை.

தூறல் ஆரம்பித்தால் முதலில் வண்டியை ஓரங்கட்டிவிடுவாள். மழையின் முதல் பத்து நிமிடம்தான் மோசம். வெயில் நாளெல்லாம் ரோட்டில் சொட்டிக் கிடக்கிற எண்ணெயும் புழுதியும் அப்போதுதான் குழைந்து மேலே வரும். நன்றாக அடித்துப் பெய்து அதைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று யாருடைய கடை வாசலிலாவது நிற்பாள். நிற்கிற நேரத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, அதற்கு மேல் மழைக்கோட்டு. கோட்டின் கால்சட்டையை ஷூவுக்கு உள்ளே திணிக்க மாட்டாள், வெளியேதான் விடுவாள். உள்ளே விட்டால் ஷூ வாளியாகிவிடும். ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கத்தில் பாத்திரம் தேய்க்கிற சோப்பை ஒரு சொட்டு விட்டு, உலர்ந்த துணியால் சுவடு தெரியாமல் துடைத்து வைத்திருப்பாள். அப்புறம் மூச்சுவிட்டாலும் பனி பிடிக்காது. பிறகு கிளம்பினால் முன்னே போகிற காரின் சக்கரம் தண்ணீரைப் பிளந்துவிட்டுப் போன தடத்தில்தான் போவாள். சாக்கடை மூடியையும் ரோட்டில் அடித்த வெள்ளைப் பட்டையையும் பார்த்தால் பகையாளி வீட்டு வாசலைப் போல ஒதுங்கிப் போவாள். அடி தெரியாத தண்ணீருக்குள் வண்டியை விடவே மாட்டாள். பெட்டிக்கு அடியில் ஒரு பாலிதீன் பைக்குள் எப்போதும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் இருக்கும். நனைந்த சாக்ஸோடு நாள் முழுக்க இருக்கிறவனுக்கு உலகத்தில் யார் மேலும் அன்பு வராது என்பது அவள் கட்சி. சாக்ஸ் உலர்ந்திருந்த நாளிலும் அவளுக்கு யார் மேலும் பெரிதாக அன்பு வந்து யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம்கூட ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். அவளுடைய இன்னொரு சட்டத்தைக் கேட்டுத்தான் சிரித்தார்கள். மழையில் அவள் வண்டியில் பின்னால் ஏறுகிறவர்கள் தங்கள் இரண்டு கைகளையும் அவளுடைய மழைக்கோட்டின் இரண்டு பாக்கெட் மேலும் வைத்துக்கொள்ள வேண்டும். “ரெண்டு கையும் எனக்குத் தெரியணும். இல்லேன்னா இறங்கிக்கோ” என்பாள். கைதியை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள்.

காரணம் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம், சொந்தக்காரர் வீட்டிலிருந்து இருவரும் வந்துகொண்டிருந்தார்கள். அவள் ஓட்டினாள், அவன் பின்னால். நல்ல மழை. பாலத்து ஏற்றத்தில் போகும்போது அவன் பையிலிருந்து குடையை எடுத்துப் படக்கென்று விரித்தான். புதுச் சட்டை நனைந்துவிடுமாம். காற்று குடைக்குள் புகுந்து அவனைப் பின்னால் இழுத்தது. அவன் விட்டுவிடாமல் முன்னால் சாய்த்துப் பிடிக்க, குடைத்துணி அவள் முகத்தை மூடியது. கண்ணை மறைத்தால் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். முன் பிரேக்கை முழுசாகப் பிடித்தாள். சக்கரம் வெள்ளைப் பட்டை மேல் இருந்தது, வண்டி வழுக்கிச் சரிந்தது. அவளுக்கு முழங்கை கிழிந்தது. அவனுக்கு இடது முழங்கால் நடைபாதைக் கல்லில் மோதி நொறுங்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “குடை விஷயத்தைச் சொல்லிடாதே. அப்பாவுக்குத் தெரிஞ்சா, ‘உனக்கு உக்காரக்கூடத் தெரியலையாடா’ன்னு கேப்பார். என்னால தாங்க முடியாது.” மாமனார் அப்படிக் கேட்கக்கூடிய ஆள்தான். கால் நொறுங்கிக் கிடக்கிறவனிடம் என்ன நியாயம் பேசுவது? சரி, இப்போதைக்கு இருக்கட்டும் என்றாள். வழுக்கிவிட்டது என்று வீட்டிலும் சொந்தக்காரர்களிடமும் சொன்னாள், பட்டறையில் மூச்சுவிடவில்லை. பழி அவள் தலையில் ஏறி உட்கார்ந்தது. இரண்டு வருடத்தில் மாமனார் போய்ச் சேர்ந்தார். பழி போகவில்லை. பாதிக்கு மேல் மடங்காத காலோடு புருஷன் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்தான், ஆட்டோவில் போய் வந்தான். “அவ வண்டியில ஏறவே எனக்கு உதறுதுப்பா” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான் போலிருந்தது. கால் போனதற்காக அவள் அவன் மேல் கோபப்பட்டதில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் அவள் வயிற்றில் எட்டு வருடமாக எரிந்துகொண்டிருந்தது.

அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை, கட்டிய வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு நான்கு மாதத்துக்கு முன் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். சும்மா உட்கார்ந்திருந்தால் வாய் சும்மா இருக்காது என்று, பட்டறையில் லென்ஸை உறையில் போட்டுப் பவர் எழுதுகிற வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டதே ஆமைதான். வலியப் போய்ச் செய்த இந்த உபகாரத்தை நினைத்து இப்போது அவள் தினமும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். நாத்தனாருக்கு அவளை ‘அண்ணி’ என்று கூப்பிட வாய் வராது. ‘இவங்க’ என்பாள். கோபம் வந்தால், ‘என் அண்ணன் காலை உடைச்சவங்க’ என்பாள். கோபம் தினமும் வந்தது.

ஒரே வீடு, ஒரே பட்டறை, இருப்பது ஒரு வண்டி. காலையும் மாலையும் நாத்தனார் பின்னால்தான் உட்கார வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உடம்பு படாமல், சீட்டின் கடைசி ஓரத்தில் உட்காருவாள். மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்ததை ரப்பர் நாற்றம் என்று கொடியிலேயே போட்டுவிட்டாள். பாக்கெட் மேல் கை வைக்கிற சட்டத்துக்கு, “உங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வரணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?” என்று கேட்டாள். இதுவரை வெயில் நாளாகப் போனதால் ஆமை பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

மழைக்காலத்தின் முதல் வாரம் அது. மாலை வேலை முடிகிற நேரம் முதலாளி அவளைக் கூப்பிட்டார். லென்ஸ் தேய்க்கிற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“திங்கக்கிழமைலேர்ந்து டெலிவரிக்கு வேற ஆள் போடலாம்னு இருக்கேன்மா. நீ கழுவுற செக்‌ஷனுக்குப் போயிடு.”

“ஏன் சார்? ஒரு லென்ஸ் உடைஞ்சிருக்கா? ஒரு உறை நனைஞ்சிருக்கா?”

“இல்லதான். ஆனா உன் வீட்டுக்காரருக்குக் கால் போனது உன்னாலதான்னு இப்பத்தான் தெரிஞ்சுது. மழைல நீ வண்டியைச் சறுக்க விட்டியாமே. நாளைக்கு எதாவது ஒண்ணுன்னா ஊர் என்னைத்தான் கேக்கும்.”

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. உறை போடுகிற மேஜையில் நாத்தனார் தலையைக் குனிந்து இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தாள். கழுவுகிற செக்‌ஷன் பட்டறையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறை. தேய்க்கிற மருந்தின் வெள்ளைக் குழம்பு ஒட்டிய லென்ஸ்களை நாள் முழுக்கத் தண்ணீரில் அலசிக்கொண்டு நிற்க வேண்டும். பதினோரு வருடம் காற்றில் ஓடியவளை அதற்குள் போடப் பார்த்தார்கள், அதுவும் அவள் செய்யாத ஒன்றுக்காக. அவளுக்குக் கண் எரிந்தது. அழக் கூடாது என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

பாதி வழியில் தூறல் விழுந்தது. அவள் வழக்கப்படி ஒரு இரும்புக் கடை வாசலில் வண்டியை நிறுத்தித் துண்டைக் கழுத்தில் சுற்றி, கோட்டை மாட்டினாள்.

“இந்தத் தூறலுக்கா?” என்றாள் நாத்தனார். “நம்ம வீட்டுக்கு இன்னைக்குப் போவோமா, நாளைக்கா?”

“என்னைப் பத்தி அவர்கிட்ட நீதான் சொன்னியா?”

“உள்ளதைத்தான் சொன்னேன். கேட்டார், சொன்னேன்.”

“அவரா வந்து கேட்டாராக்கும்.”

“இப்ப என்ன அதுக்கு? என் அண்ணன் நடக்கறதைத் தினம் பாக்கறேன்ல. எனக்கு வயிறு எரியுது. உங்களுக்கு எரியலேன்னா நான் என்ன பண்ண?”

ஒரு வார்த்தை போதும். ஆனால் இவளிடம் போய், இந்த இடத்தில், தப்பித்துக்கொள்ளச் சொல்கிற பொய் மாதிரி அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை. “கையைப் பாக்கெட் மேல வை” என்று மட்டும் சொல்லி வண்டியைக் கிளப்பினாள். மழை வலுத்துவிட்டது. பாக்கெட் மேல் கை வரவில்லை. இன்னும் நான்கு தெருதானே என்று அவளும் ஓட்டினாள். பதினோரு வருடத்தில் அவள் செய்த ஒரே அலட்சியம் அதுதான்.

ரயில்வே கேட்டைத் தாண்டித் திறந்தவெளியில் வந்ததும் முதுகுக்குப் பின்னால் படக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

எட்டு வருடமாகத் தூக்கத்தில் கேட்கிற சத்தம். வண்டியின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுப்பது போல் முன்சக்கரம் லேசாகிக் குலுங்கியது. அடுத்த நொடி கறுப்புத் துணி அவள் ஹெல்மெட் மேல் வந்து இறங்கியது. வலது கை விரல்கள் தாமாகவே முன் பிரேக்குக்குப் போயின. அவள் அவற்றைத் தடுத்தாள். ஆக்ஸிலேட்டரை விட்டாள். ஹேண்டிலை நேராகப் பிடித்து, கடைசியாகப் பார்த்த ரோட்டை மனதில் வைத்துக்கொண்டு, பின் பிரேக்கைக் காலால் மெல்ல மெல்ல அமுக்கினாள். பின்னால் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி விலகிப் போனது. வண்டி நின்றது. காலை ஊன்றினாள்.

“இறங்கு” என்றாள்.

“எதுக்கு நடுரோட்டுல நிறுத்தறீங்க?”

“இறங்குடி!”

நாத்தனார் இறங்கினாள். குடை இன்னும் விரிந்தே இருந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “உங்களுக்கும் சேர்த்துத்தானே பிடிச்சேன்! இது ஒரு குத்தமா? எங்க வீட்டுல சைக்கிள் காலத்துலேர்ந்து இப்படித்தான். நான் மிதிப்பேன், அண்ணன் பின்னாடி உக்காந்து ரெண்டு பேர் தலைக்கும் பிடிப்பான். ஸ்கூலுக்கு அப்படித்தான் போனோம். டவுனுக்கு அப்படித்தான் போனோம். நான் என்ன விழுந்தா போனேன்? மழைன்னா அவன் குடை இல்லாம எந்த வண்டியிலயும் ஏறவே...”

பேச்சு அங்கே நின்றது. மழை அடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் கையிலிருந்த குடையைப் பார்த்தாள். ஆமையின் முகத்தைப் பார்த்தாள். ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்ளே பனி பிடிக்கவில்லை, கண்கள் நன்றாகத் தெரிந்தன.

“அன்னைக்கும் மழைதானே” என்றாள் மெதுவாக.

ஆமை பின்சீட்டில் நின்ற தண்ணீரைக் கையால் வழித்துவிட்டாள்.

“சொல்லுங்க. அன்னைக்கும் அண்ணன் கையில குடை இருந்துச்சா?”

“குடையை மடக்கிட்டு ஏறு. ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்.”

குடை மடங்கியது. நாத்தனாரின் இரண்டு கைகளும் வந்து அவளுடைய இரண்டு பாக்கெட் மேலும் உட்கார்ந்தன.

வீட்டில் புருஷன் முன்னறை நாற்காலியில் காலை நீட்டி, ஒரு ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு டீவி பார்த்துக்கொண்டிருந்தான். “ஆமை வந்தாச்சா? மழைல எங்கயும் சறுக்கலையே?” என்றான், தங்கையைப் பார்த்துக் கண்ணடித்து. நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய், சொட்டச் சொட்ட இருந்த குடையை அவன் மடியில் போட்டாள்.

அவன் துள்ளி நிமிர்ந்தான். மடியில் கிடந்ததைப் பார்த்தான். அவனுடைய முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. தங்கையைப் பார்க்கவில்லை, நேரே மனைவியைப் பார்த்தான்.

“சொல்லிட்டியா?” என்றான்.

டீவியில் யாரோ கைதட்டினார்கள். நாத்தனார் போய் அதை அணைத்தாள்.

“அவங்க ஒண்ணும் சொல்லல” என்றாள். “நீதான் இப்பச் சொன்ன.”

அது அப்படியில்லை, அப்பாவுக்காகத்தான், அப்புறம் சொல்லலாம் என்றுதான், நாள் போய்விட்டது என்று ஏதேதோ பூசி மெழுகினான். அவன் பேசப் பேச நாத்தனாருக்கு ஆத்திரம் ஏறியது. அது திரும்பி ஆமையின் மேலும் பாய்ந்தது.

“நீங்க மட்டும் பெரிய ஒழுங்கா? எட்டு வருஷமா ஊரெல்லாம் உங்களைத் திட்டித் தீர்த்திருக்கேன். இன்னைக்கு வேலைக்கே உலை வெச்சிட்டு வந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? என்னை எவ்வளவு பெரிய முட்டாளாக்கி வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்!”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

நாத்தனார் யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை. “மாட்டேன்” என்றாள்.

“அப்புறம் என்ன?”

ஆமை மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தண்ணீர் சொட்டுவதற்குக் கீழே வாளியை நகர்த்தி வைத்தாள். அதற்குப் பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை.

“கால் போனதுக்கு நான் உங்களை ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல. ஆனா கடைக்கு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், ‘அவ வண்டியில ஏறவே உதறுது’ன்னு சிரிச்சீங்க பாருங்க, அதை நான் மன்னிக்க மாட்டேன். உங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. எட்டு வருஷமா வருது. இன்னைக்குத்தான் சொல்றேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. நாத்தனார்தான் கடைசியில் பேசினாள். அவளுக்குத் தீர்ப்புச் சொல்வதென்றால் எப்போதுமே பிடிக்கும்.

“நாளைக்கு நீ பட்டறைக்கு வர்ற. முதலாளிகிட்ட நடந்ததை உன் வாயால சொல்ற. ஆட்டோவுல இல்ல, இவங்க வண்டியில, இவங்க பின்னாடி உக்காந்து வர்ற. தெரு பாக்கட்டும், உன் ஜெராக்ஸ் கடை பாக்கட்டும். நான் ஆட்டோவுல முன்னாடி போய் வாசல்ல நிக்கறேன்.”

“மழைல எப்படி, இந்தக் காலோட...”

“மழைலதான் வரணும்.”

மறுநாள் விடிந்ததிலிருந்தே கொட்டியது. முதல் பத்து நிமிடம் எப்போதோ போய், ரோடு கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. கொடியில் கிடந்த நாத்தனாரின் மழைக்கோட்டு அவனுக்குக் கையில் குட்டையாக இருந்தது. அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஆமை வண்டியை ஓரமாகச் சாய்த்துப் பிடிக்க, அவன் அவள் தோளைப் பற்றி, நல்ல காலை ஊன்றி, மடங்காத காலை வீசி, மூன்றாவது முயற்சியில் ஏறி உட்கார்ந்தான். குதிகாலை மட்டும் கம்பியில் வைக்க முடிந்தது. அவனுக்கு நிஜமாகவே உதறியது. இத்தனை நாள் சிரிப்புக்குச் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டிருந்தது.

“மெதுவாப் போ” என்றான்.

அவள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாள். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவள் கிளப்பவில்லை. எதற்காக நிற்கிறாள் என்று அவனுக்குச் சற்று நேரம் புரியவில்லை. எட்டு வருடமாக ஊரே கேலி செய்த சட்டத்தை அவனும் கூடச் சேர்ந்து கேலி செய்திருக்கிறான், ஒருநாளும் அதற்கு உட்பட்டதில்லை.

“கை” என்றாள் அவள்.

அவன் கைகளைத் தூக்கினான். வலது கை முதலில் வந்தது. இடது கை தயங்கி வந்தது. இரண்டும் அவளுடைய பாக்கெட் மேல், அவள் குனிந்தால் தெரிகிற இடத்தில் இருந்தன. அவள் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு கியரைப் போட்டாள்.